முதலில் கொட்டில், பிறகு கோயில்

மீள்குடியேறிய ஊர் ஒன்றில் நடந்த பங்குக் கூட்டத்துக்கு அண்மையில் அழைக்கப்பட்டிருந்தேன். கோயில் முன்றிலில் நின்ற வேப்பமரத்தின் கீழ் பாய் விரித்து இருந்தோம். கோயில் என்று சொன்னாலும் எதிரே நின்றவை நான்கு சுவர்களும் குண்டுச் சிதறல் பட்ட ஒரு முகப்பும்தான். கூரை போய்ப் பல ஆண்டுகள். பீடம் இருந்த இடத்தில் ஓர் ஆலங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் எழுதிய கடிதத்தை ஓர் இளைஞர் வாசித்தார். பணம் தருகிறோம், பழையதை இடித்துவிட்டு அயலூர்க் கோயிலை விடப் பெரிதாக ஒன்றைக் கட்டுங்கள் என்பது அதன் சாரம். பலர் தலையாட்டினர். பின்னால் இருந்த ஒரு முதிய தாய் எழுந்தார்.

"தம்பி, கோயிலைக் கட்டத்தான் வேணும். ஆனால் என்ரை கிணத்துக்கை செல் விழுந்து தூர்ந்துபோய்க் கிடக்கு. வெங்காயம் நடுறதெண்டால் எங்கையிருந்து இறைக்கிறது?"

"ஆச்சி, கிணத்துக்கு ஆரும் ஒரு நிறுவனம் வரும். கோயிலுக்கு ஆர் தருவினம்?" என்றார் இளைஞர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. இத்தகைய கூட்டங்கள் எமது பகுதிகளில் இன்னும் பல ஊர்களில் நடக்கும். ஆகவே இது பற்றி என் மனதில் பட்டதை இங்கு வெளிப்படையாக எழுதுகிறேன். பழைய கிராமக் கோயில்களை அவசரப்பட்டு இடிக்கக் கூடாது. புதியதைக் கட்டுவதற்கு முன் கிணறும் குடியிருப்பும் சீராக வேண்டும். இதை நான் சிக்கனம் கருதிச் சொல்லவில்லை. எமது கோயில்களின் வரலாறே இதைத்தான் சொல்கிறது.

இடம்பெயர்ந்தவர்கள் தந்த கோயில்

நாம் எல்லோரும் அறிந்த மடுவையே எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே காணும் பெரிய ஆலயத்தைப் பார்ப்பவர்களுக்கு, அது இடம்பெயர்ந்த குடும்பங்கள் தொடக்கிவைத்த கோயில் என்பது எளிதில் நினைவுக்கு வராது.

மாதாவின் திருச்சொரூபம் முதலில் இருந்தது மாந்தையில். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. கோயில்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபை வசமாயின. இந்த நெருக்கடியில் 1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் சொரூபத்தையும் சுமந்துகொண்டு காட்டுவழியே புறப்பட்டன என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வரலாறு. யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடிவந்த கத்தோலிக்கரும் அவர்களுடன் சேர்ந்தனர். ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத வன்னிக் காட்டில், மருதமடுவில் அவர்கள் தங்கினார்கள்.

மருதமடு என்ற பெயரைக் கமக்காரர்களாகிய நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். மருத மரம் நீர் உள்ள இடத்தில் வளர்வது. மடு என்றால் ஆழமான நீர்நிலை. அவர்கள் தங்கிய இடத்தின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஊர் விட்டு ஓடியவனுக்கு முதலில் தேவை எது என்பதை நாமும் அனுபவத்தில் அறிவோம்.

இன்று நாம் காணும் பெரிய கோயிலின் வேலை 1872இல்தான் பொன்ஜீன் ஆண்டகையின் காலத்தில் தொடங்கியது. சொரூபம் மடுவுக்கு வந்து அப்போது ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. முகப்பு அவருக்குப் பின் வந்த ஆயரின் காலத்தது. 1924 யூலை 2ஆம் திகதி மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. கோயில் அபிஷேகம் செய்யப்பட்டது 1944இல். அத்திவாரம் இட்டதில் இருந்து அபிஷேகம் வரை 72 ஆண்டுகள்.

கையில் சொரூபமும் காலில் முள்ளுமாக வந்த சனம் உடனே பெரிய கோயில் கட்ட முனையவில்லை. காட்டில் தலை சாய்த்தது, பயிர் செய்தது, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது. கோயில் அவர்களுடன் சேர்ந்து மெல்ல வளர்ந்தது. அதனால் மடுவின் மதிப்புக் குறைந்துவிட்டதா? இன்று நாட்டின் எல்லாத் திசைகளில் இருந்தும் தமிழரும் சிங்களவரும் அங்கே செல்கிறார்கள்.

கட்டிடம் இல்லாத பங்கு

இன்னொரு சான்றும் உண்டு. கோவாவைச் சேர்ந்த யோசேப்வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தபோது, பகிரங்கமாகப் பூசை வைக்க அங்கு ஒரு கத்தோலிக்கக் கோயிலும் இருக்கவில்லை. குரு இல்லாமல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் கத்தோலிக்கர் இருந்தார்கள். சில்லாலை என்ற கமக்காரக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவில், வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு பூசை நடந்தது. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் அடிகளாரை மறைத்து அனுப்புவார்கள். 1711இல் கண்டியில் அவர் காலமானார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாளில் மடுவுக்கும் சென்றார்.

கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல்தான் நீக்கப்பட்டன. அதுவரை ஒன்றரை நூற்றாண்டு காலம் எமது முன்னோரின் பங்கு வீட்டுத் திண்ணையிலும் ஓலைக் கொட்டிலிலும் வாழ்ந்தது. நலன்புரி முகாமின் தறப்பாள் கொட்டிலில் பூசை கண்ட எங்களுக்கு இது விளங்கும். பங்கு என்பது சனம். சனம் இருந்தால் கோயில் எப்போதும் எழும்பும். சனம் வாழ வழியில்லாமல் மீண்டும் ஊரை விட்டுப் போனால், எவ்வளவு பெரிய கோயிலும் வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கட்டிடமாகிவிடும்.

எங்கள் கோயிலின் உடல்

இதைச் சொல்லும்போது கட்டிடம் முக்கியம் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். பழைய கோயிலை இடிக்கவேண்டாம் என்று சொல்வதே அக்கட்டிடத்தின் மதிப்பை அறிந்துதான்.

எங்கள் பகுதியின் பழைய கிராமக் கோயில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முகப்பு மேல்நாட்டுப் பாணியில் கூரையை விட உயர்ந்து நிற்கும். அதன் உச்சியில் சிலுவை, நடுவில் ஒரு மாடம். முகப்பைக் கடந்து உள்ளே போனால் அது எங்கள் ஊர் வீடுதான். ஒன்றரை அடி, இரண்டடி தடிப்பான சுவர்கள். இருபக்கமும் எதிரெதிரே கதவுகள். கதவுகளைத் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். வைரம் பாய்ந்த பனையில் அறுத்த வளைகளும் சிலாகைகளும். அவற்றின் மேல் ஓடு. வெயிலும் மழையும் சுவரில் நேரே படாதபடி விறாந்தை. சனம் நிலத்தில் பாய் விரித்து இருப்பதற்கேற்ற திறந்த தளம். பக்கத்தில் குருவானவரின் அறைவீடு, ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், சற்றுத் தள்ளிச் சேமக்காலை.

சுவரில் உள்ள கல் அந்த மண்ணில் கிடைத்த சுண்ணாம்புக் கல் அல்லது கரையில் கிடைத்த முருகைக் கல். சாந்து, சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. பனங்கட்டி கரைத்த நீரையும் அதில் சேர்த்தார்கள் என்று முதிய மேசன்மார் சொல்வர். கல்லும் மரமும் சுண்ணாம்பும் ஊரில் இருந்தே வந்தன. ஊர்ச் சனமே கல் சுமந்தது. ஆகவே அச்சுவரை இடிக்கும்போது எமது பாட்டன் பாட்டியின் கைவேலையைத்தான் இடிக்கிறோம்.

கூரை போன சுவர் பயனற்ற சுவரா?

"கூரை போய் இவ்வளவு காலம் நனைந்த சுவர் இனி எதற்கு உதவும்?" என்று கேட்பார்கள். இதற்கு வரலாற்றில் பதில் உண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது, வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோயில்கள் பாழடைந்து கிடந்தன. அவர்கள் அவற்றை இடித்துத் தள்ளவில்லை. பழைய சுவர்களைத் திருத்திப் புதிய கூரை போட்டுப் பாவனைக்குக் கொண்டுவந்தார்கள். சங்கானையில் உள்ள பழைய கோயிலுக்குக் கூரை இல்லை. அப்படியிருந்தும் அதன் முருகைக் கற்சுவர்களும் பீடத்துக்கு முன்னால் உள்ள வளைவும் இடிபாடாகவேனும் நிற்கின்றன. நூற்றாண்டுகள் மழையில் நனைந்த சுவரே இப்படி நிற்கும்போது, 1990இல் நாம் விட்டுவந்த கோயிற் சுவரைப் பார்த்த உடனேயே "இது சரிவராது" என்று தீர்ப்புச் சொல்லலாமா?

திருத்த எண்ணும் ஊரவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து அனுமதித்த பின்னரே உள்ளே போகவேண்டும். சிறுவர்களை விடவே கூடாது.

2. சுவரில் முளைத்த ஆல், அரசங் கன்றுகளைப் பிடுங்கி இழுக்க வேண்டாம். வேர் கல்லையும் சேர்த்துக்கொண்டு வரும். சுவரோடு ஒட்ட அறுத்து, வேர் பட்டுப்போகும்வரை விட்டு, பின் அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

3. மழைநீர் பெரும்பாலும் சுவரின் தலைப்பால்தான் உள்ளே இறங்கும். கூரை போடப் பணம் சேரும்வரை தலைப்பைச் சாந்தாலோ தகரத்தாலோ மூடிவிடுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு.

4. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்து பூச வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் பின் வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உப்புப் பூத்து, சில மாரிகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். அவசரமாகக் காயாதபடி சில நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

5. விழுந்த கல், ஓடு, மரம், கதவுநிலை எதையும் விற்கவோ வீதிக்குப் போடவோ வேண்டாம். ஒரு பக்கத்தில் அடுக்கி வைத்தால் திருத்தும்போது பாதி வேலைக்கு அவையே போதும்.

சுவர் எல்லா இடத்திலும் தப்பும் என்று நான் சொல்லமாட்டேன். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது சுவர் வெளியே சாய்ந்திருந்தால், அத்திவாரம் பிளந்திருந்தால், அதன் கீழ்ப் பிள்ளைகளை இருத்த முடியாது. அந்த முடிவை ஒரு பொறியியலாளரும் பழைய கட்டிடத்தில் வேலை செய்த ஒரு மேசனும் பார்த்துச் சொல்லட்டும். பணம் அனுப்புபவரின் ஆசை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

கிணறா கோயிலா?

"கோயில் மணி கேட்டால்தான் சனம் ஊருக்குத் திரும்பும்" என்று அந்த இளைஞர் கூட்டத்தின் பின் என்னிடம் சொன்னார். அதில் உண்மை உண்டு. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட சில ஆலயங்களுக்குத் திருவிழா நாளில் மட்டும் செல்ல அனுமதி கிடைத்த காலத்தில், சனம் கோயிலைச் சாட்டாக வைத்துத்தான் தன் வளவைத் தூரத்தில் நின்றாவது பார்த்து வந்தது. கோயில் இல்லாத ஊர் தலை இல்லாத உடல் என்று எண்ணுபவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மணி கேட்டுத் திரும்பி வந்தவன் மறுநாள் என்ன செய்வான்? கிணறு தூர்ந்து, வேலி இல்லாமல், விதை வெங்காயத்துக்குக் கடன்பட்டு, ஒரு போகம் தவறினால் அவன் மீண்டும் பட்டினத்துக்குக் கூலிக்குப் போய்விடுவான். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போக வழி தேடுவார்கள். மணி அடிக்க ஒருவர் இருப்பார், கேட்க ஆள் இருக்காது.

ஆகவே எனது யோசனை இது. முதலில் பழைய சுவர்களின் நிழலில் கிடுகாலோ தகரத்தாலோ ஒரு கொட்டில். ஞாயிறு பூசைக்கும் பிள்ளைகளின் மறைக்கல்விக்கும் கமக்காரர் கூட்டத்துக்கும் அது போதும். அடுத்ததாகக் கோயில் வளவுக் கிணறு. அதைச் சிரமதானத்தில் இறைத்துத் தூர் எடுத்தால் ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர் கிடைக்கும். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கை, திருப்பிக் கொடுக்கும் சுழற்சிக் கடனாக ஊர்க் கிணறுகளுக்கும் விதைக்கும் ஒதுக்கலாம். அக்கடன் திரும்பி வரும்போது அதுவே கோயில் நிதியாகட்டும். இப்படிக் கட்டும் கோயிலில் ஊரவரின் உழைப்பும் சேர்ந்திருக்கும்.

கோயில் கூரை போடும் காலத்திலும் கமத்தை மறக்க வேண்டாம். ஊரில் பெரிய கூரை பெரும்பாலும் கோயிற் கூரையே. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர் நீர் விழும். பீலி வைத்து அதைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தால் அதுவும் ஊருக்குச் செய்யும் சேவைதான்.

வெளிநாட்டில் உள்ள எங்கள் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாசத்தையும் இரவு பகல் உழைப்பையும் நாம் மதிக்கிறோம். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலைப் பார்க்கத்தான் நீங்கள் ஊருக்கு வருகிறீர்கள். அதை இடித்துவிட்டு எங்கும் காணக்கூடிய ஒரு கொங்கிறீற் மண்டபத்தைக் கட்டினால், உங்கள் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவீர்கள்?

வடுவை மறைக்க வேண்டாம்

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதுவது கடினம், எழுதாமல் விடுவது சரியும் அல்ல. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுவில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மடுமாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பியது. 1670இல் மாந்தையில் இருந்து ஓடியது போல இன்னொரு முறை.

கோயிலுக்குள் ஓடினால் உயிர் தப்பலாம் என்று நம்பிய சனம் நாங்கள். அந்த நம்பிக்கை காயப்பட்டதற்குச் சாட்சி அந்தச் சுவர்கள்தான். எல்லாத் துளைகளையும் பூசி வர்ணம் அடித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு நடந்தது எதுவும் தெரியாது. கோயிலைத் திருத்துங்கள். ஆனால் சிதறல் பட்ட ஒரு துண்டுச் சுவரையாவது பூசாமல் விட்டு, அதன் அருகில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். அதைப் பார்த்து யாரும் பழி எடுக்கச் சொல்லவில்லை. மறக்காமல் செபிக்கவே கேட்கிறோம்.

இன்னும் திரும்பாதவர்கள்

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த காணிகள் சில இன்னும் விடுபடவில்லை. "எங்களுக்குச் சுவரும் இல்லை, கொட்டிலும் இல்லை, நாங்கள் என்ன செய்வது?" என்று அவ்வூரவர்கள் கேட்கலாம். உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. முதியவர்கள் இருக்கும்போதே கோயில் எங்கே நின்றது, கதவு எந்தப் பக்கம், கிணறு எங்கே, சேமக்காலை எல்லை எது என்று கேட்டு ஒரு கொப்பியில் படமாக வரைந்து வையுங்கள். பழைய திருமண, முதல் நன்மைப் புகைப்படங்களில் பின்னால் கோயில் தெரியும். அவற்றைத் திரட்டுங்கள். ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றின் பதிவேடுகளைப் பங்கு வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உங்கள் பங்கின் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று பங்குத்தந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் உறுதியும் தொலைந்த குடும்பத்துக்கு, யார் யாருடைய பிள்ளை என்று காட்ட அந்தப் பழைய ஏடு உதவக்கூடும். சுவர் விழுந்த பின்னும் கோயில் செய்யும் சேவை இது.

அந்தக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். கலையும்போது அந்த இளைஞர் ஆச்சியின் கையைப் பிடித்து ஒழுங்கையில் இறக்கிவிட்டார். மறு ஞாயிறு பூசை முடிந்ததும் பொடியள் சிலர் கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு அவருடைய கிணற்றைப் பார்க்கப் போனதாகப் பின்னர் அறிந்தேன். கோயில் பற்றிய முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அவசரமும் இல்லை. மடுவில் ஏறத்தாழ 200 ஆண்டுகள் பொறுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். முதலில் ஒரு கொட்டில் போடுவோம். கிணற்றை இறைப்போம். வெங்காயம் நடுவோம். பழைய சுவரின் தலைப்பை மாரிக்கு முன் மூடிவைப்போம். மிகுதியைப் பிறகு ஒன்றாக இருந்து பேசுவோம்.